மெல்ல மெல்ல மாறும் சூயிங்கம்: ஒரு சொல் வேண்டும்

அனுப்பியவர்: டீச்சர், சுங்கை சிப்புட்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சொல் வேண்டும். அவசரம் இல்லை, ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.

இங்கே மலேசியாவில் எங்கள் பள்ளி ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஐந்து பேர் அறிவியல் கண்காட்சிக்குச் சூயிங்கத்தை எடுத்திருக்கிறார்கள். தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள், "மெல்ல மெல்ல மாறும் சூயிங்கம்". பள்ளியில் சூயிங்கத்துக்குத் தடை என்பதால் வீட்டில் மென்று, நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டு வந்தார்கள். கால் மணி நேரம் மென்று, துப்பி, துடைத்து, மறுநாள் காய்ந்த பிறகு நிறுத்தால் பாதிக்கும் கீழே வந்துவிட்டதாம். முதலில் விறைப்பு, ஒரு நிமிடத்தில் நல்ல மெது, பத்து நிமிடம் போனால் ரப்பர், இனிப்பு காணோம். இதுவரைக்கும் அவர்கள் எழுத்து தெளிவாக இருக்கிறது.

சிக்கல் அடுத்த வரியில். எதுவோ ஒன்று கம்மை மெதுவாக வைத்திருக்கிறது, அது வெளியே போய்விடுகிறது என்று எழுத வேண்டும். இணையத்தில் தேடி 'பிளாஸ்டிசைசர்' என்று கொண்டுவந்தார்கள், தமிழில் 'நெகிழியாக்கி' என்று எங்கோ பார்த்து அதையும் போட்டுவிட்டார்கள். உடனே ஒரு பையன் கேட்டான், "டீச்சர், சூயிங்கத்துல பிளாஸ்டிக் பை போடுறாங்களா?" அவன்மேல் தப்பில்லை, 'நெகிழிப் பைகளைத் தவிர்ப்போம்' என்று பள்ளிச் சுவரில் நாங்கள்தான் எழுதி வைத்திருக்கிறோம்.

வேறு சொல் இருக்கிறதா?

*

அனுப்பியவர்: பழைய லேப் ஆள், சுங்கை சிப்புட்

டீச்சர், வணக்கம். நானும் இதே ஊர்தான், கடைத்தெருப் பக்கம். ரப்பர் ஆலை ஒன்றின் லேப்பில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன், அதற்கு முன்னால் பால்மரத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன், அதனால் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லைத் தேடுவதற்கு முன் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம், இல்லையென்றால் அந்தப் பையன் கேட்ட மாதிரிதான் நாமும் அலைய வேண்டியிருக்கும்.

சூயிங்கத்தில் எச்சிலில் கரைவது ஒரு பங்கு, கரையாதது ஒரு பங்கு. எடையில் பாதிக்கு மேல் கரையும் சாமான்தான்: பொடித்த சர்க்கரை, பாகு, கொஞ்சம் கிளிசரின். கரையாதது ஏறக்குறைய கால் பங்கு, அதிலேயே பல சாமான்கள். முதலில் ரப்பர் வகை. நாம் வெட்டும் பால்மரத்து ரப்பர் இல்லை, சைக்கிள் டியூப்பில் இருக்கும் பியூட்டைல் ரப்பருக்கு உறவுக்காரன், சாப்பாட்டுக்கு ஆகும்படி சுத்தம் செய்தது. அப்புறம் பாலிவினைல் அசிட்டேட், பிள்ளைகள் கைவேலை வகுப்புக்கு வாங்கும் வெள்ளைப் பசையில் இருப்பதும் இதே குடும்பம்தான். அப்புறம் குங்கிலியம் மாதிரியான பிசின்கள், மெழுகு, தாவரக் கொழுப்பு, கனத்துக்குச் சுண்ணாம்புத்தூள். பியூட்டைலையும் வெள்ளைப் பசையையும் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், முன்பு இதெல்லாம் மரத்துப் பாலில் செய்ததுதான். சிக்கு (சப்போட்டா) மரத்துப் பால்தான் முதல் சூயிங்கங்களின் உடம்பு. பழுக்காத சிக்குவைக் கடித்துவிட்டு உதடு ஒட்டிக்கொண்டு நின்ற அனுபவம் நம் எல்லோருக்கும் இருக்குமே, அதே பால். மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் அதை வெட்டி எடுத்தார்கள். போதாமல் போனபோது நம் காட்டு ஜெலுத்தோங் மரத்துப் பாலும் போர்னியோவிலிருந்தும் தீபகற்பத்திலிருந்தும் அமெரிக்கச் சூயிங்கம் ஆலைகளுக்குக் கப்பலேறியது. கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரத்தைக் காட்டிக் காட்டியே வளர்த்தார்கள் நம்மை, ஜெலுத்தோங்கைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை. அது வேறு கதை.

இப்போது ஒரு துண்டை எடுத்து மடக்கிப் பாருங்கள். புதிது வளையும். கடையில் மாதக்கணக்கில் கிடந்த பழசு ஒடியும், பிஸ்கட் மாதிரி. சரக்கு ஒன்றுதான், ஆனால் பழசில் ஈரம் வற்றிவிட்டது. உங்களுக்கு வேண்டிய சொல் இங்கேயே ஒளிந்திருக்கிறது. தண்ணீரும் கிளிசரினும் கொழுப்பும் நடுவில் புகுந்து இருக்கிற வரைக்கும் கம் வளையும், போனால் விறைக்கும்.

வாயில் போட்டதும் இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. ஒன்று சூடு. அந்த அசிட்டேட் சரக்குக்கு ஒரு குணம், 30 டிகிரி சுற்றுவட்டத்தில் அது கண்ணாடி மாதிரி விறைப்பிலிருந்து தோல் மாதிரி மெதுவுக்கு மாறும். வாய் 35, 36 டிகிரி இருக்கும், அதனால் மாற்றம் பல்லுக்குத் தெரிகிறது. (நம் ஊர் மத்தியான வெயிலில் சட்டைப்பையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.) இரண்டாவது எச்சில். சர்க்கரையை நனைத்துப் பாகாக்குகிறது, அந்தப் பாகு உள்ளே இருக்கும்வரை கம் கூழாக இருக்கிறது. பிள்ளைகள் சொன்ன 'நல்ல மெது' இந்தக் கட்டம்தான். இந்த நேரத்தில் முட்டை (குமிழி) ஊதினால் ஓட்டை விழும், படலத்துக்குள் சர்க்கரை மணி நிற்பதால். இனிப்பு போன பிறகு ஊது என்று பெரிய பையன்கள் சொல்லித்தந்தது சும்மா இல்லை.

அப்புறம் பாகு எச்சிலோடு இறங்கி வயிற்றுக்குப் போய்விடுகிறது. வாயில் மிஞ்சுவது ரப்பரும் பிசினும் சுண்ணாம்பும். பாகு போனதால் அவை நெருங்கி உட்கார்ந்துகொள்கின்றன, தாடைக்குக் கனக்கிறது. பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்றால், மீ (நூடுல்ஸ்) பொரித்து வைத்த தட்டை நினைக்கச் சொல்லுங்கள். சூடாக, எண்ணெயும் குழம்பும் இருக்கும்போது ஒவ்வொரு இழையும் வழுக்கிக்கொண்டு வரும். குழம்பு வற்றி ஆறிப்போனால் கரண்டியை விட்டால் மொத்தமாகக் கட்டியாக எழும்பும். இழை அதே இழைதான், இடையில் இருந்தது போய்விட்டது.

சூட்டின் வேலையைத் தனியாக ஒரு குவளை ஐஸில் சோதிக்கலாம். மென்று மெதுவான கம்மோடு ஒரு மடக்குத் தேஓ ஐஸ் (பால் சேர்க்காத ஐஸ் தேத்தண்ணீர்) குடித்தால் பல்லில் கல் மாதிரி நிற்கும், ஒரு நிமிடம் கழித்துத் திரும்ப இளகும். இது சூட்டின் வேலை, திரும்பி வரும். பாகு போனது திரும்பி வராது. இரண்டையும் பிள்ளைகள் தனித்தனியாக எழுதட்டும். தலைமுடியில் கம் ஒட்டினால் பாட்டி தேங்காய் எண்ணெய் தடவுவாரே, அது மூன்றாவது சோதனை. கம்மின் உடம்பு தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்கு அசையும். கம் மெல்லும்போது சாக்லேட் கடித்தால் கம் வாயிலேயே சிதைந்து குழம்பாகிவிடும், அந்தக் கொக்கோக் கொழுப்பு உள்ளே ஏறுவதால்.

மணத்தைப் பற்றி ஒன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். புதினா வாசம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துத் துப்புகிறோம் இல்லையா, உண்மையில் தீர்வதில்லை. மணம் எண்ணெய்ச் சரக்கு, கம்மின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் வெளியே வரும். 1999இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மெல்லுகிற ஆட்களின் மூக்கில் எவ்வளவு புதினா வருகிறது என்று அளந்தே பார்த்தார்கள். மூக்கில் மணம் இருந்துகொண்டே இருக்கிறது, ஆனால் சர்க்கரை குறையும்போதே 'மணம் குறைந்துவிட்டது' என்று ஆட்கள் சொல்லிவிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் துப்பப்போகும் கம்மோடு ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு மெல்லச் சொல்லுங்கள், புதினா திரும்பி வந்துவிடும்.

சரி, சொல். இளக வைப்பது எதுவோ அது இளக்கி. நல்ல தமிழ், நாலே எழுத்து, பழைய சொல், 'நெகிழி'யின் பிளாஸ்டிக் பை வாடை இல்லை. எச்சிலோடு பாகு போய்விடுவதற்கு சாறிறக்கம். தேயிலையில் சாயம் இறங்குகிறது, கசாயத்தில் சாறு இறங்குகிறது என்கிறோம், அதே வேலைதான்.

*

அனுப்பியவர்: சுங்கைப்பட்டாணித் தம்பி

அண்ணே, வணக்கம். மீ உதாரணம் சூப்பர், நாளைக்கு எங்கள் ஆலையில் புதுப் பிள்ளைகளுக்கு நானும் அதையே சொல்லப் போகிறேன், உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இளக்கி வேண்டாம் அண்ணே. மருந்துக்கடையில் மலமிளக்கி என்று ஒன்று விற்கிறார்கள். ஆறாம் ஆண்டுப் பையன் கண்காட்சியில் மைக்கைப் பிடித்து "சூயிங்கத்தில் இளக்கி உள்ளது" என்று சொன்னால் பின் வரிசை அன்றைக்கு முழுக்கச் சிரிக்கும்.

இன்னொன்று. நான் ரப்பர் கலவை ஆலையில் இரட்டை ரோலரில் நிற்கிறேன். பாளமாக வரும் பச்சை ரப்பரை முதலில் ரோலரில் விட்டு அரைத்து மெதுவாக்கினால்தான் கரியும் கந்தகமும் உள்ளே ஏறும். அந்த வேலைக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும், மாஸ்டிகேஷன், அதாவது மெல்லுதல். ரப்பர்க்காரனும் மெல்லுகிற ஆள்தான். அதனால் வாயில் நடப்பதற்கும் ரோலரில் நடப்பதற்கும் ஒரே சொல் போதும் என்கிறேன்: சவைத்தளர்வு. சவைத்ததால் தளர்வது. இரண்டும் மென்றுதானே மெதுவாகிறது? ஒரு சொல் இரண்டு இடத்தில் புழங்கினால்தான் நிலைக்கும், கண்காட்சிக்கு மட்டும் செய்த சொல் கண்காட்சியோடு போய்விடும்.

*

அனுப்பியவர்: ஈப்போ ஐயா (ஓய்வு பெற்ற தமிழாசிரியர்)

அன்பர்களே,

முதலில் 'சூயிங்கம்' என்பதை அப்படியே விட்டுவிட்டீர்கள். 'மெல்லும் கோந்து' என்று எழுதலாமே என்று எனக்கு இன்று காலை மூன்று பேர் தனியாக எழுதிவிட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், கூடாது. கோந்து தண்ணீரில் கரையும். தபால் உறையின் விளிம்பை நக்கி ஒட்டிய தலைமுறை நான், கோந்து வாயில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாயில் கரையாமல் நிற்பதுதான் இந்தப் பண்டத்தின் பிழைப்பே. கரையும் பொருளின் பெயரைக் கரையாத பொருளுக்கு வைப்பது மொழிக்கும் துரோகம், அறிவியலுக்கும் துரோகம். நல்ல பெயர் தோன்றும்வரை சூயிங்கம் இருந்துவிட்டுப் போகட்டும்.

இளக்கி விஷயத்தில் தம்பி சொல்வது சரி. உணவுப் பொட்டலங்களைப் பாருங்கள்: சுவையூட்டி, நிறமூட்டி, மணமூட்டி, இனிப்பூட்டி. இந்த வாய்பாடு நம் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. 'குழை' என்ற வினை நம்மிடம் இருக்கிறது. சோறு குழைகிறது, சந்தனம் குழைக்கிறோம், மாவு குழைந்து வருகிறது. குழைவைத் தருவது குழைவூட்டி. 'குழைவு' என்பதன் ஈற்று உகரம் கெட்டு, வகர மெய்யோடு 'ஊட்டி'யின் ஊகாரம் இயல்பாகவே சேர்ந்து நிற்கிறது, எங்கேயும் நெருடவில்லை.

சவைத்தளர்வு நாக்கில் நன்றாக வருகிறது. ஆனால் பொருள் பொருந்துகிறதா என்பதை ஆலைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

*

அனுப்பியவர்: பழைய லேப் ஆள், சுங்கை சிப்புட்

> இரண்டும் மென்றுதானே மெதுவாகிறது?

இல்லை தம்பி. இங்கேதான் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கப் போகிறேன்.

உன் ரோலரில் என்ன நடக்கிறது? பச்சை ரப்பரின் இழை ஒவ்வொன்றும் பத்து லட்சம் என்கிற கணக்கில் மூலக்கூற்று எடை உள்ள நீளச் சங்கிலி. இரண்டு ரோலரும் வேறு வேறு வேகத்தில் சுற்றி அதை இழுக்கின்றன, சங்கிலி நடுவில் அறுகிறது, அறுந்த முனை மறுபடி ஒட்டிக்கொள்வதற்குள் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் வந்து அதை அடைத்துவிடுகிறது. அதனால் சங்கிலி குட்டையாகி ரப்பர் மெதுவாகிறது. ஆறினாலும் மெதுதான், நாளைக்கும் மெதுதான். லண்டனில் தாமஸ் ஹான்காக் 1820இல் பல் வைத்த உருளை ஒன்றைச் செய்து வீணாய்ப்போன ரப்பர்த் துண்டுகளைச் சேர்த்து அரைத்தார், துண்டு துண்டாகக் கிழியும் என்று நினைத்தது மொத்தமாக உருண்டு ஒரே பந்தாக வந்தது. அந்த ரகசியம் வெளியே போகக்கூடாது என்று மெஷினுக்கு 'ஊறுகாய்' என்று பொய்ப்பெயர் வைத்திருந்தார். நம் தொழிலே அந்த ஊறுகாயில் ஆரம்பித்ததுதான், அதில் எனக்குப் பெருமை உண்டு, ஆனால் சூயிங்கம் அந்தக் கதை இல்லை.

வாயில் சங்கிலி அறுவதில்லை. பல்லுக்கு அந்தப் பலம் கிடையாது, கம்முக்குள் மெழுகும் கொழுப்பும் இருப்பதால் இழைகள் அறுவதற்கு முன்னால் வழுக்கிப் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியில் கம் விறைக்கிறது தம்பி. ரோலரில் அரைக்க அரைக்க மெதுவாகிக்கொண்டே போகும், வாயில் மெல்ல மெல்ல முதலில் இளகி அப்புறம் இறுகும். எதிர்த்திசை. மீயைக் கத்திரிக்கோலால் வெட்டுவது உன் வேலை, மீயில் குழம்பு வற்றுவது டீச்சர் பிள்ளைகள் பார்த்தது. இரண்டுக்கும் சவைத்தளர்வு என்று ஒரே பெயர் வைத்தால் நாளைக்கு ஒரு பிள்ளை ஆலைக்கு வேலைக்கு வந்து, ரோலரில் ஏன் இறுகவில்லை என்று கேட்கும்.

எனக்கு இது தெரிந்தது லேப்பில் இல்லை. லயத்தில் இருந்தபோது அம்மாவோடு மரம் வெட்டப் போவேன், பள்ளி லீவு நாட்களில். மங்கில் பால் விழுவதற்கு முன்னால் முதல் நாள் வெட்டின கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கொடுப்பது என் வேலை. நீளமாக, அறுந்துவிடாமல் வந்தால் அதை அம்மாவுக்குத் தெரியாமல் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன், சுற்றிச் சுற்றிப் பந்து செய்ய. ஒரு நாள் சூயிங்கம் வாங்கக் காசில்லாமல் அதில் ஒரு முழம் வாயில் போட்டு மென்றேன். புளிப்பும் நாற்றமும் ஒரு பக்கம் இருக்கட்டும், அது பல்லுக்கு மசியவே இல்லை. கடித்தால் அமுங்கும், பல்லை எடுத்தால் பழையபடி எழும்பும். பல் அச்சே விழவில்லை. சூயிங்கத்தை வாயிலிருந்து எடுத்துப் பாருங்கள், கடைவாய்ப் பல்லின் குழிகூட அதில் பதிந்திருக்கும். ரப்பரின் துள்ளலும் களிமண்ணின் சொன்ன பேச்சைக் கேட்கும் குணமும் பாதிப் பாதி சேர்ந்ததுதான் சூயிங்கம். அந்தக் களிமண் குணத்தைக் கொடுப்பவர்கள்தான் நாம் பெயர் தேடும் ஆட்கள். ஒட்டுப்பாலில் அவர்கள் இல்லை, அதனால்தான் என் தாடை வலித்தது. மேண்டோர் (தோட்டத்துக் கங்காணி) வேறு பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்லி, வீட்டில் ரோத்தான் பிரம்படி.

அதனால் ரோலருக்கு உன் சவைத்தளர்வை நீயே வைத்துக்கொள், உண்மையிலேயே நல்ல சொல், நானே ஆலையில் இருந்தால் புழங்கியிருப்பேன். வாய்க்கு அது வேண்டாம்.

இளக்கியை விட்டுவிடுகிறேன். மனசில்லாமல்தான். ஆனால் தம்பி சிரித்ததில் ஒரு உண்மையும் இருக்கிறது: சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சர்க்கரைக்குப் பதில் சார்பிட்டால் போடுகிறார்கள். இனிப்பும் கொடுக்கும், கம்மைக் குழைவாகவும் வைத்திருக்கும், அளவு மீறினால் வயிற்றையும் போக்கிவிடும், பொட்டலத்தின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கும் பாருங்கள். ஆக சார்பிட்டால் இரண்டு அர்த்தத்திலும் இளக்கி! ஒரு பொருளுக்கு இவ்வளவு பொருத்தமான சொல்லை விட வேண்டியிருக்கிறதே என்றுதான் வருத்தம்.

ஐயாவின் குழைவூட்டி சரி. நான் ஒன்றைப் பார்ப்பேன், வினையாக ஓடுகிறதா என்று. 'தண்ணீர் கம்முக்குக் குழைவூட்டுகிறது', 'குழைவு குறைந்தது', 'குழைவிழந்த கம்'. ஓடுகிறது. நெகிழியாக்கியை வைத்து இப்படி மூன்று வாக்கியம் எழுதிப் பாருங்கள், இரண்டாவதிலேயே மூச்சு வாங்கும். மலாய்க்காரப் பிள்ளைகளுக்கும் இதே தொல்லைதான், அவர்கள் சொல்லுக்குள்ளும் பிளாஸ்டிக் உட்கார்ந்திருக்கிறது.

டீச்சர், ஒன்று பாக்கி. கரையாமல் மிஞ்சும் உடம்புக்குப் பிள்ளைகள் என்ன சொல் போட்டிருக்கிறார்கள்? 'அடிப்பசை' என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

*

அனுப்பியவர்: டீச்சர், சுங்கை சிப்புட்

அண்ணே, ஐயா, தம்பி, எல்லோருக்கும் நன்றி. குழைவூட்டியை இன்று வெண்பலகையில் எழுதினேன். யாரும் சிரிக்கவில்லை, அதுவே பாதி வெற்றி. சாறிறக்கத்தைத் தேத்தண்ணீர்ப் பொட்டலம் ஒன்றை வெந்நீரில் தொங்கவிட்டுக் காட்டினேன், விளக்கவே தேவைப்படவில்லை. 2003க்குப் பிறகு சில ஆண்டுகள் அறிவியலை ஆங்கிலத்தில் நடத்தியவள் நான், அப்போது கைவிட்டுப்போன சொற்களை இன்னும் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், அதனால் இப்படி ஒரு நாள் கிடைத்தால் சந்தோஷம்தான்.

அடிப்பசை பற்றிக் கேட்டீர்கள். பிள்ளைகள் யாரையும் கேட்காமல் ஒரு சொல் போட்டுவிட்டார்கள்: சக்கை. "15 நிமிடத்தில் சாறு இறங்கிச் சக்கை மிஞ்சியது" என்று அட்டையில் பெரிய எழுத்தில். எனக்கும் முதலில் ஒரு மாதிரி இருந்தது, திருத்தலாமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இன்னொரு கேள்வி, பிளாஸ்டிக் பை கேட்ட அதே பையன்: "சக்கையில திரும்பச் சர்க்கரை போட்டா பழையபடி சூயிங்கம் ஆகுமா?"

*

அனுப்பியவர்: ஈப்போ ஐயா

சக்கை என்றால் பயன் தீர்ந்தது, எறிய வேண்டியது. சூயிங்கத்தில் அதுதான் முக்கியமான பொருள் என்கிறீர்கள். இழிவுப் பொருள் தரும் சொல்லைக் கலைச்சொல்லாக்கலாமா? யோசியுங்கள்.

*

அனுப்பியவர்: பழைய லேப் ஆள், சுங்கை சிப்புட்

ஐயா, நானும் நேற்று ராத்திரி வரைக்கும் உங்கள் கட்சிதான். சக்கை என்பது கடைசியில் உண்டாவது, அடிப்பசையோ முதலிலேயே இருப்பது, அதனால் பொருந்தாது என்று ஒரு பத்தி எழுதியும் வைத்திருந்தேன். அப்புறம் அந்தப் பையன் கேள்வியைத் திரும்பப் படித்தேன்.

ஆகும் டீச்சர். ஆலையில் அப்படித்தான் செய்கிறார்கள். முதலில் அடிப்பசையைச் சூடாக்கி உருக்குகிறார்கள், அதில் பொடித்த சர்க்கரையும் பாகும் கிளிசரினும் போட்டுப் பிசைகிறார்கள், கடைசியில் மணம், அப்புறம் தட்டி வெட்டிப் பொட்டலம். பிள்ளைகள் கால் மணி நேரத்தில் பிரித்ததை ஆலை அதே வரிசையில் பின்பக்கமாகச் சேர்க்கிறது. சூயிங்கம் சக்கையில் முடிவது மட்டுமில்லை, சக்கையில்தான் தொடங்குகிறது. கரும்பும் அப்படித்தானே, நார் நாம் கடித்த பிறகா முளைத்தது? முதலிலேயே உள்ளே இருந்ததுதான், சாறு போனதும் கண்ணுக்குத் தெரிகிறது. என் அடிப்பசையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இழிவு என்று ஐயா சொன்னதற்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. தோட்டத்தில் கட்டிப்பால் (மங்கிலேயே உறைந்த ரப்பர்ப் பால்), ஒட்டுப்பால் எல்லாம் கழிவு என்றுதான் எடை போட்டார்கள், விலையும் குறைவு. இன்று ஆலைக்கு வருவதில் பெரும்பகுதி அந்தக் கட்டிப்பால்தான்.

பையனைச் செய்து பார்க்கவே விடுங்கள். ஆனால் மென்ற சக்கை வேண்டாம், ஐந்து பேர் எச்சில். புதுச் சூயிங்கம் நாலைந்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கையாலேயே பிசையச் சொல்லுங்கள், தண்ணீரை மாற்றி மாற்றி, இனிப்பு இறங்கும் வரை. அப்புறம் துடைத்து, கையில் சூடாக இருக்கும்போதே பொடித்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே மடித்து மடித்துப் பிசைய வேண்டும். கடையில் விற்கும் ஐசிங் சர்க்கரையில் சோளமாவு கலந்திருக்கும், பொட்டலத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துவிடலாம். கிளிசரின் கேக் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும், நாலு சொட்டு போதும். கைக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் தடவிவிட வேண்டாம், மொத்தமும் குழம்பாகிவிடும்.